ரம்பத்தைப் பிடிக்காதவர்களின் கால்கள்

இன்று புரட்டாசி பன்னிரண்டாம் தேதி. எனக்கு எழுபத்தோரு வயதும் ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. நாள் கணக்கு வரை சொல்வது வீம்புக்காகத்தான். போன வாரம் நீ யாரிடமோ என்னைப் பற்றி, "எண்பதை நெருங்குறாங்க, ஆனா வாய் மட்டும் குறையல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எண்பதை நான் நெருங்கவில்லை. வாயைப் பற்றிச் சொன்னது சரி. அதைப் பயன்படுத்தவே இந்தக் கடிதம்.

மகளுக்கு எழுதுவதை ஊரார் படிக்கக் கொடுப்பது அழகில்லை என்பாய். நான் தனியாக எழுதிய கடிதங்களை நீ எப்படிப் படிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும்: முதல் வரி, கடைசி வரி, பிறகு "படிச்சேம்மா" என்று ஒரு குறுஞ்செய்தி. நாலு பேர் படித்துவிட்டு வந்து உன்னிடம் விசாரித்தால் நடுவில் உள்ளதையும் நீ படித்தாக வேண்டும். அது போக, உன்னைப் போல மரம் கழிக்கும் ஒப்பந்தம் எடுப்பவர்கள் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் வரை இன்று எத்தனையோ பேர். அவர்களிடம் வேலை செய்பவர்களுக்கும் கால்கள் உண்டு. அச்சுக்குப் போகும் முன்பே உனக்கு ஒரு படி வந்துவிடும். ஆர்டர் போடுவதற்குள் படித்து முடி. இந்த முறை கடைசி வரிக்குத் தாவாதே; அது தனியாக நின்றால் உனக்குப் புரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாய். ஒரகடத்தில் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் நெடுக நிற்கும் மரங்களை மழைக்கு முன் கழிக்கும் வேலை உனக்குக் கிடைத்துவிட்டது; திங்கட்கிழமை ஆரம்பம்; தனியாக எடுத்திருக்கும் முதல் பெரிய வேலை. "அம்மா, மெஷின் புடிக்கிறவங்களுக்கு மூணு பேன்ட் வாங்கணும். ஆயிரம் மாடல் கீது, ஒண்ணும் புரியல. நீதான் துணி, நூலுன்னு காலம் பூரா பாத்தவளாச்சே, எதை எடுக்கலாம்னு சொல்லு" என்றாய். 'இருக்கு' என்று பேசி வளர்ந்த பெண்ணுக்கு வேலையிடத்தில் 'கீது' ஒட்டிக்கொண்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று என்றால் நீ, இசக்கிமுத்து, அவனுடைய கூட்டாளி. "மீதி நாலு பேருக்கு?" என்று மட்டும் கேட்டேன். சிரித்தாய். "அவங்க கிளை இழுக்குறவங்கம்மா. ஓடுற மெஷினாண்ட யாரும்மா வரப் போறாங்க?"

உடனே தொடர்பு அறுந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் இருந்தது, நான்தான் வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, அதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது வேதியியல், பிழைத்தது நூலால். கார் இருக்கை வார் நெய்யும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில், ஓய்வு பெறும்வரை என் வேலை, வாரை இயந்திரத்தில் மாட்டி அது அறும்வரை இழுப்பது. நல்ல வார் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. அதற்காகத்தான் அதற்குக் காசு. ஆகவே சங்கிலி ரம்பத்துக்கான கால்சட்டையை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தபோது, இதைச் செய்தவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்றுதான் தோன்றியது. வெளியே ஓர் உறுதியான துணி. அதன் உள்ளே அடுக்கடுக்காக, எதோடும் இறுகப் பிணைக்கப்படாத நீள நீளமான இழைகள். தொட்டு இழுத்தால் கையோடு வந்துவிடும். அது பலவீனமில்லை, அதுதான் அதன் வேலை என்று பிறகு புரிந்தது. ரம்பத்தின் சங்கிலி ஓடும் வேகத்துக்கு எந்தத் துணியும் குறுக்கே நின்று ஜெயிக்க முடியாது. இந்தக் கால்சட்டை ஜெயிக்கப் பார்ப்பதே இல்லை. சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் உள்ளே இருக்கும் இழைகளைக் கவ்வி இழுக்கிறது; அவை தாராளமாகக் கூடவே போகின்றன; போய், சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் கண்டபடி சுற்றிக்கொண்டு அதைத் திணற அடித்து நிறுத்திவிடுகின்றன. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கெட்டியாக இருப்பதால் காப்பது ஒரு வகை, அவிழ்ந்து போவதால் காப்பது இன்னொரு வகை. வாழ்நாளில் பாதியை முதல் வகையோடு கழித்த எனக்கு இரண்டாவதை மதிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

இதை நீ மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். வாங்கிக்கொள்ளாததால் வந்ததுதான் போன வருடத்துத் தயாளன் கதை. நீ அந்த வெளிநாட்டுக் கால்சட்டையை ஒரு டீலரிடம் சொல்லி வரவழைத்தாய். ஏதோ குளிர்தேசத்து ஆண்பிள்ளைக்கு அளவெடுத்தது. உன் இடுப்பில் அது நிற்கவில்லை, நீளமோ தரையைக் கூட்டியது. நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதானே: எந்தக் கடையில் என்ன வாங்கினாலும் அது தையல்காரரிடம் போய் வந்தால்தான் நம்முடையது. நேராகப் படப்பைக்குப் போய்த் தயாளனிடம் கொடுத்தாய். தைத்ததைத் திரும்ப வாங்கப் போன அன்று நானும் ரவிக்கைக்காக வந்திருந்தேன்.

"இன்னாக்கா இது, மெத்தையைப் போயி பேன்ட்டா தெச்சிக்கிறான்" என்று அதை மேசைமேல் போட்டார் தயாளன். "ரெண்டு ஊசி ஒடஞ்சிச்சி. நான் வுட்டனா? சைடுல புடிச்சி, தொடைலேர்ந்து கீழ வரிக்கும் நெடுக்க நாலு தையல் ஓட்டிக்கிறேன். முன்னாடி உள்ள கீற பஞ்சு பொதபொதன்னு ஆடிக்கினு இருந்திச்சி. இனிமே ஆடாது, அசையாது."

நீ போட்டுப் பார்த்து, கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பி நின்றுவிட்டு, "சூப்பர்ணா" என்றாய். உண்மையில் உனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அதுவரை அது உன் காலைக் காக்கும் உடை. அன்றிலிருந்து அது வெறும் பேன்ட். நீளத்தில் வெட்டியெடுத்த துண்டைத் தயாளன் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார் அல்லவா, அதை வீட்டில் நான் பிரித்துப் பார்த்தேன். தையல் படாத பக்கத்தில் இழைகள் இழுக்க இழுக்கக் கொத்துக் கொத்தாக வந்தன. அவர் ஓட்டிய தையலின் நுனி ஏறியிருந்த பக்கத்தில் ஒன்றுகூட வரவில்லை. நகத்தால் கிள்ளினாலும் வரவில்லை. ஆடாது, அசையாது என்று அவர் சொன்னது முழு உண்மை. அவர் நல்ல தையல்காரர், அதுதான் சிக்கல். மோசமாகத் தைத்திருந்தால் நாலு இழையாவது பிழைத்திருக்கும். அன்றே உன்னிடம் சொன்னேன். "அம்மா, லேப் மூளையை ரிட்டயர் பண்ணவே மாட்டியா?" என்றாய். அந்தக் கால்சட்டையோடுதான் இன்றும் வேலைக்குப் போகிறாய். நாளை முதல் போகாதே. அதைச் சைக்கிள் துடைக்க வைத்துக்கொள்.

ஆகவே, வாங்கும்போதே உடம்புக்குப் பொருந்துவதை வாங்கு. இப்போது பெண்களின் அளவிலும் வருகிறது. கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டும், நேரமாகும். அது கிடைக்காவிட்டால், இடுப்பில் வாரும் தோளில் பட்டையும் வைத்து இறுக்கிக்கொள்ளும் வகையை எடு. ஊசி படக் கூடாது. கிழிந்தால் ஒட்டுப் போடுகிறேன் என்று உள்ளடுக்கோடு சேர்த்துத் தைக்கவும் கூடாது. கால்மடிப்பு காலணியின் மேல் வந்து விழ வேண்டும். மடித்து விட்டுக்கொள்கிறவனைப் பார்த்தால் அவிழ்த்துவிடச் சொல். கேட்லாகில் உள்ள படங்களைப் பார்க்காதே, அவர்கள் எல்லோரும் பனியில் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் சீட்டைப் பார். ரம்பத்தின் சின்னமும் அதன் பக்கத்தில் வகுப்பு எண்ணும் இருக்கும். அந்த எண் எவ்வளவு வேகமாக ஓடும் சங்கிலி வரை அது சோதிக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். முதல் வகுப்பு என்றால் நொடிக்கு இருபது மீட்டர், மேலே போகப் போக வேகமும் கூடும். உன் ரம்பத்தின் கையேட்டில் அதன் சங்கிலி வேகம் போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்குகிறவன் செருப்பை நிறத்துக்காக வாங்குகிறவன். பேட்டரியில் ஓடும் ரம்பம் ஒன்று வைத்திருக்கிறாய் அல்லவா, அதைப் பற்றித் தனியாக விசாரி. பெட்ரோல் இன்ஜின் திணறினால் அடங்கிவிடும்; மின் மோட்டார் அவ்வளவு சுலபத்தில் அடங்கும் என்று நம்பிவிடாதே. சின்னமும் எண்ணும் இல்லாமல், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தடிமனாகத் தைத்து 'சேஃப்டி' என்று முதுகில் அச்சடித்ததும் சந்தையில் கிடைக்கும். முழங்காலிட்டுத் தோட்ட வேலை செய்ய அது நன்றாக இருக்கும்.

முன்பக்கம் மட்டும் காப்பதா, காலைச் சுற்றி முழுவதும் காப்பதா என்பது அடுத்த கேள்வி. முழுவதும் காப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஒரகடத்து வெயிலில், தொழிற்சாலைச் சுவரின் அனல் முதுகில் அடிக்க, அதைப் பகல் முழுவதும் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறவர்கள் நீங்கள். கழற்றிக் கிளையில் மாட்டிய கால்சட்டை கிளையைத்தான் காக்கும். தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று வெட்டுகிற, கை பழகிய ஆளுக்கு முன்பக்கம் காப்பது போதும் என்பது பொதுவான வழக்கம். மரத்தில் ஏறிக் கோணலாக நின்று வெட்டுகிறவருக்கும், எப்போதாவது மட்டும் ரம்பத்தைத் தொடுகிறவருக்கும் சுற்றிலும் வேண்டும். அவர்களுக்கு ரம்பம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர்களுக்கே தெரியாது. உன் கூட்டத்தில் ஏறுகிறவன் இசக்கிமுத்து. அவன் என்ன சொல்வான் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடமே சொன்னான்.

ஆவணியில் நான் உன் வேலையிடத்துக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் தூங்குமூஞ்சி மரம் கழித்துக்கொண்டிருந்தீர்கள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, பேருந்துப் படியில் விழுந்த இந்தக் காலை இழுத்துக்கொண்டு நான் வருவதைப் பார்த்து நீ முகம் சுளித்தாய். சாப்பாடு கொண்டுவந்தேன் என்றேன். வேவு பார்க்க வந்தேன் என்பது இருவருக்கும் தெரியும். இடைவேளையில் இசக்கிமுத்துவிடம் கால் பாதுகாப்புக்கு என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், வேலை தேடி வந்து ஒரகடத்தில் நாலு பேரோடு ஒரே அறையில் இருப்பவன், வயது முப்பதைத் தாண்டியும் கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறான்.

"ரெண்டு ஜீன்ஸ் போட்டிருக்கேன் ஆச்சி. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. இதுக்கு மேல என்ன வேணும்ங்கிய?"

"ரெண்டு வாழைப்பழத் தோலைப் போட்டுக்கோ. ரம்பத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஆச்சி நல்லா நக்கல் பண்ணுதிய. எங்க ஊர்ல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுல்லா மரம் வெட்டுவோம். மேடம் வாங்கித் தாற பேன்ட்ட போட்டா வேர்த்து ஊத்தி ஆளே பாதியாயிருவேன்."

"பாதியாயிட்டாப் பரவால்ல. ஒத்தக் காலோட முழு ஆளா இருக்கறதுக்கு அது மேல்."

சிரித்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அவனுக்கு எடை குறைந்த, பின்பக்கம் காற்று புகும் வகையைத் தேடிக் கொடு, இடைவேளைகளை அதிகமாக்கு, தண்ணீரை நீயே கொண்டுபோய்க் கையில் கொடு. வெயிலை ஒரு சாக்கு என்று அவனிடம் சொல்லாதே, அது உண்மையான கஷ்டம். அப்புறம், துவைப்பதை அவனிடம் விடாதே. கல்லில் அடித்துத் துவைப்பான், இஸ்திரி போடுவான். சங்கிலி எண்ணெய் ஊறி இழைகள் திரண்டு போனாலும் பயனில்லை, அடித்து நைந்தாலும் பயனில்லை, சூட்டில் உருகி ஒட்டினாலும் பயனில்லை. சீட்டில் போட்டிருக்கிறபடி மெதுவாக அலசி, நிழலில் உலர்த்து. ஒருமுறை ரம்பம் பட்டு இழை வெளியே வந்துவிட்டால் அதோடு அது தன் கடமையை முடித்துவிட்டது, தூக்கிப் போடு. சிக்கனம் பார்க்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

அன்று நான் பார்த்தது இது மட்டுமில்லை. சாப்பாடு ஆனதும் வேலை மறுபடி தொடங்கியது. கிளை இழுக்கும் நாலு பெண்களில் எல்லம்மா கொஞ்சம் மூத்தவள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுத்துக் கீழே தள்ளியிருந்த பெரிய கிளையை உன் ஆள் துண்டு போட வந்தபோது, அவள் ஓடிப்போய் அதன் நுனியைத் தோளில் வாங்கி மேல்நோக்கி வளைத்துப் பிடித்தாள். ரம்பம் ஓட ஓட அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள். செருகியிருந்த கொசுவம் நழுவி, ரம்பத்தின் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ரம்பம் நின்றதும் அவளைக் கூப்பிட்டேன்.

"பொண்ணு மேஸ்திரிக்கு அம்மாவா நீ? மூஞ்சியப் பாத்தாலே தெர்து. அதே கடுகடுப்பு" என்றாள்.

"எதுக்கு அப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே?"

"வளைச்சிப் புடிச்சாதான் வாய் தொறந்துக்கினு மெஷினு சொகமா போவும். இல்லாங்காட்டி மரம் கவ்விக்கும், அத்தப் புடுங்கறதுக்கே அர நாள் பூடும்."

"ரம்பம் உன் கால்லேர்ந்து ஒரு முழம்கூட இல்லியே."

"ஒரு முழம் ஜாஸ்தி. சில மரத்துக்கு அதுவும் கெடயாது." சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பயந்துக்கினு வூட்ல குந்திக்கினா ஆவுமா? பழகிப்போச்சி தாயே."

நீ அப்போது சற்றுத் தள்ளி நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். செவ்வாய்க்கிழமை என்னிடம் நீ பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஓடுகிற ரம்பத்தருகே யாரும் வருவதில்லை என்று நீ மனதார நம்புகிறாய். எல்லம்மா அங்கே நிற்பது உன் கண்ணுக்கு ஓர் ஆள் நிற்பதாகத் தெரிவதில்லை. வேலை நடப்பதாகத் தெரிகிறது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு வருடம் பழுது கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நீ. தினமும் ஒரே இடத்தில் இருக்கிற பழுது கண்ணுக்குப் படாமல் போய்விடும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிளையின் கீழே முட்டுக் கொடுக்க ஒரு கட்டை போதும். வெட்டு வாய் மூடாமலிருக்க ஆப்பு இருக்கிறது. வளைத்துத்தான் தீர வேண்டும் என்றால் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுக்கட்டும். முதல் பாதுகாப்பு தூரம்தான், துணி அதற்கு அடுத்ததுதான். மெஷின் அணையாமல் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது என்று திங்கட்கிழமை காலையில் சொல். மத்தியானம் மீறுவார்கள், மறுபடி சொல். மீறுவார்கள் என்பதால்தான் துணியும் வேண்டும். பேன்ட்டுக்கு மேல் முன்பக்கமாகக் கட்டி, பின்னால் வார் போட்டு மாட்டிக்கொள்கிற உறை ஒன்று வருகிறது. உள்ளே அதே இழைகள்தான். எந்த உடம்புக்கும் இழுத்துப் பொருத்தலாம், தயாளனுக்கு வேலை வராது, காற்றும் போகும். வார்களைத் தளரக் கட்டினால் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய்விடும், அதைக் காலையில் நீயே இழுத்துப் பார். அதன் அடியில் அவர்கள் சேலை கட்டக் கூடாது. ஆளுக்கு ஒரு பேன்ட் வாங்கிக் கொடு. எல்லம்மா, இதைப் போட்டுக்கொண்டால் தெருவே சிரிக்கும் என்பாள். சிரிக்கட்டும். ஏழு பேருக்கும் ஒரே நிறத்தில் வாங்கு; மெஷின் பிடிப்பவர்களுக்கு ஒரு நிறம், இழுப்பவர்களுக்கு ஒரு நிறம் என்று பிரித்தாயானால் முதல் வாரமே அதைக் கழற்றி எறிவார்கள், நானாக இருந்தாலும் அதையே செய்வேன். ஏழுக்கும் இப்போது முடியாது என்றால் வேலையை ஒரு வாரம் தள்ளிப் போடு. சுவரும் மரமும் ஓடிவிடாது.

இனி, நான் தொலைபேசியை வைத்ததற்கு வருகிறேன்.

நீ நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்ற அன்று, காரணம் கேட்டேன். புயலில் விழுந்த மரத்தைக் கம்பெனி பஸ் நின்ற இடத்தில் யாரோ அறுத்துக்கொண்டிருந்ததாகவும், நீ இறங்கிப் போய் நின்று பார்த்ததாகவும் சொன்னாய். "மரத்தூள் வாசனைன்னா எனக்கு உசுரும்மா, சின்ன வயசுலேர்ந்தே. ஏன்னு தெரியல" என்றாய். அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரியும் ஏன் என்று. உனக்கு ஐந்து வயது. நாம் அப்போது சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் தரிசில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. கிடங்கு கட்டப் போகிறார்கள் என்று அதை வெட்ட ஆட்கள் வந்தார்கள். பெட்ரோலில் ஓடும் ரம்பத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா, நான், நீ, அக்கம்பக்கம் எல்லோரும் வேலியோரம் போய் நின்று வேடிக்கை பார்த்தோம். ரம்பத்தின் வாயிலிருந்து மரத்தூள் மஞ்சளாக விசிறியடித்துக்கொண்டு வந்தது, வெயிலில் மழை பெய்வது போல. நீ என் கையை உதறிக்கொண்டு அதில் நனைய ஓடினாய்.

யாரோ கத்தினார்கள். அறுத்துக்கொண்டிருந்தவர் கத்தலைக் கேட்டுத் திரும்பினார். கையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிய வேகத்தில் அது உன் முகத்தின் உயரத்துக்கு வந்தது. பிறகு நடந்ததைத் தாய்மை, தியாகம் என்று யாரும் ஜோடிக்க வேண்டாம். உன்னைப் பிடிக்கப் பின்னால் வந்துகொண்டிருந்ததால் எல்லோரையும்விட நான்தான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். இடையில் போனது என் இடது கால்.

நான் கட்டியிருந்தது பாலியெஸ்டர் சேலை. ரம்பம் முதலில் கொசுவத்தைக் கவ்வியது. துணி சரசரவென்று உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ள, இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. அதற்குள் முழங்காலுக்கு மேலே தசை கிழிந்துவிட்டது; எலும்பு தப்பியது. கண்ணில் தூள் விழுந்து கசக்கிக்கொண்டிருந்த உன்னை, நீ எதையும் பார்ப்பதற்குள் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பல வருடம் கழித்துப் பரிசோதனைக் கூடத்தில், இந்தக் கால்சட்டைகள் எப்படி வேலை செய்கின்றன என்று படித்தபோது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். சேலையே போதும் என்று எல்லம்மாவிடம் சொல்லிவிடாதே. காலை ரம்பத்துக்குள் இழுத்துக் கொடுத்ததும் அதே சேலைதான். எனக்கு வாய்த்தது தற்செயல். அவளுக்கு நீ வாங்கித் தரப்போவது தற்செயல் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாதான் சொன்னார்: "பாப்பாகிட்ட நீ பஸ் படியில வுழுந்துட்டேன்னு சொல்லிடலாம்." நீ அத்தை வீட்டில் இருந்தாய், உன் தலைமயிரிலிருந்து மரத்தூளை அவள் சீவிச் சீவி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சம்மதித்தேன். உன் மனம் நோகும் என்பதற்காக மட்டும் இல்லை. நான் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிற மகளோடு என்னால் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது. என்னோடு சரிக்குச் சரி சண்டை போடுகிற பெண்தான் எனக்கு வேண்டியிருந்தாள், கிடைத்தாள். அந்த வருடமே மணிமங்கலத்துக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடத்துக்காக என்று உன்னிடம் சொன்னது, அக்கம்பக்கத்து வாய்களிலிருந்து உன்னைத் தள்ளி வைப்பதற்காக. அப்பா போகும்வரை வாய் திறக்கவில்லை. நானும் திறந்திருக்க மாட்டேன். இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு இங்கே வராதே. வருவதென்றால் ஏழு பேருக்கும் போட்ட ஆர்டரின் ரசீதோடு வா, வந்ததும் வழக்கம்போல எதற்காவது என்னோடு சண்டை போடு.

ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் யார் வரப் போகிறார்கள் என்று கேட்டாய். நீ வந்தாய்.